கைபேசி வைத்தியம் சோதனைக்கு வந்த வரலாறு

பொதுமக்கள் பேச்சுவழக்கிலே 'பிரஷர்' என்று குறிப்பிடும் குருதியமுக்கத்தை அளப்பதற்குப் புயத்திலே பட்டியொன்றைச் சுற்றிக் காற்றடித்து இறுக்க வேண்டும் என்பது நேயர்கள் அறிந்ததே. 2014ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு கைபேசிச் செயலி, அந்தப் பட்டியும் வேண்டா, காற்றும் வேண்டா என்று அறிவித்தது. கைபேசியின் விளிம்பை மார்பின் இடப்பக்கத்தில் ஊன்றி, அதன் புகைப்படக் கண்ணைச் சுட்டுவிரலால் மூடிக்கொண்டால் போதும்; சிறிது நேரத்தில் குருதியமுக்கத்தின் அளவு திரையிலே தோன்றும் என்பது விற்றோர் கூற்று. விலை ஐந்து டொலருக்கும் ஒரு சதம் குறைவு. அச்செயலி விற்பனையில் இருந்த 421 நாட்களுள் 156 நாட்கள், அதிகமாக விற்பனையான ஐம்பது செயலிகளுள் ஒன்றாக அது விளங்கிற்று. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனை விலைகொடுத்து வாங்கினர்.

திரையிலே தோன்றிய எண் மெய்யானதா? மெய்யென்றே கொண்டாலும், அதனைக் கண்டவருக்கு அதனால் விளைந்த நன்மை யாது? இவ்விரண்டு வினாக்களும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றெனக் கருதியதனாலேயே கைபேசி வைத்தியத்தின் முதற் பத்தாண்டு பெரிதும் குழம்பிக் கிடந்தது. ஆயினும் இவ்வினாக்களுக்கு விடை காணும் வழிகள் கைபேசியோடு பிறந்தவையல்ல. அவற்றின் பிறப்பை அறிய வேண்டின் இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேற் பின்னோக்கிச் சென்று ஒரு பாய்க்கப்பலில் ஏறவேண்டும்.

1747ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, 'சோல்ஸ்பரி' என்னும் பிரித்தானியக் கடற்படைக் கப்பலிற் சத்திரவைத்தியராகப் பணியாற்றிய ஜேம்ஸ் லிண்ட் என்பவர், ஸ்கேவி நோயால் முரசு அழுகி, தோலிலே குருதிப் புள்ளிகள் கண்டு, முழங்கால் தளர்ந்து கிடந்த பன்னிரு மாலுமிகளைத் தெரிந்தெடுத்தார். பன்னிருவரையும் ஓரிடத்திற் கிடத்தி, ஒரே வகை உணவையே அனைவர்க்கும் அளித்தார். பின்னர் அவர்களை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அப்பிள் மதுவும், ஒரு பிரிவுக்கு நீர்த்த கந்தக அமிலமும், பிறிதொன்றுக்கு வினாகிரியும், இன்னொன்றுக்குக் கடல்நீரும், மற்றொன்றுக்கு உள்ளியும் கடுகும் சேர்ந்த இலேகியமும், எஞ்சிய இருவருக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்தார். ஆறு நாளிற் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழமுண்ட இருவரில் ஒருவர் மீண்டும் பணிக்குச் செல்லத்தக்க நிலையை அடைந்தார்.

பழத்தின் குணத்தை லிண்டுக்கு முன்பும் பலர் அறிந்திருந்தனர். அவர் செய்த புதுமை, ஒத்த நிலையிலுள்ள நோயாளரைப் பக்கத்திற் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டமையேயாகும். தாமாகவே குணமடையக்கூடிய நோயாளிக்கு எம்மருந்தைக் கொடுத்தாலும் அம்மருந்து பெயர்பெற்றுவிடும். அவ்வாறு தானாக வரும் பெயரை மருந்தினின்றும் பிரித்தெடுப்பதற்கு ஒப்பீட்டைத் தவிர வேறு வழி இல்லை. லிண்டின் நூல் 1753இல் வெளிவந்தும், பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது 1795ஆம் ஆண்டிலேதான்.

இரண்டாவது பாடம் பாரிசு நகரிற் கிடைத்தது. அந்தோன் மெஸ்மர் என்பார் 'விலங்குக் காந்தம்' என்னும் கண்ணுக்குத் தெரியாத ஆற்றலால் நோய் தீர்ப்பதாகக் கூறி நகரையே மயக்கி வைத்திருந்த காலம் அது. 1784ஆம் ஆண்டில் அரசர் பதினாறாம் லூயி நியமித்த குழுவில், அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் பிராங்ளினும், இரசாயன அறிஞர் லவோசியேயும் இடம்பெற்றனர். மெஸ்மரின் சீடர் ஒருவர் பிராங்ளின் வாழ்ந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் 'காந்தமேற்றினார்'. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, காந்தமேறாத மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தடியில் அவன் மூர்ச்சையுற்று வீழ்ந்தான். காந்தமேறிய மரமோ இன்னும் தொலைவில் நின்றது. சிறுவன் பொய் சொல்லவில்லை. அவன் மெய்யாகவே மயங்கினான். ஆனால் அவனை மயக்கியது மரமன்று, மரத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு. இச்சிறுவனை நேயர்கள் மறவாதிருத்தல் நன்று; கைபேசியின் காலத்தில் அவன் மீண்டும் வருவான்.

மூன்றாவது பாடத்துக்கு உரியவர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில். இவர் வைத்தியர் அல்லர், புள்ளிவிபரவியலாளர். முதலாம் உலகப்போரிற் பணியாற்றிய இளமைக் காலத்திற் கயரோகத்துக்கு ஆளாகி, அதனால் வைத்தியக் கல்வியைக் கைவிட நேர்ந்தவர். அதே கயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதுமருந்து அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்டபோது, போராற் பொருள் இழந்திருந்த பிரித்தானியாவுக்குக் கிடைத்த மருந்து மிகச் சொற்பம். எல்லோருக்கும் கொடுக்க இயலாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டின் கையில் விடுவது அநீதியாகாது என்று வைத்திய ஆராய்ச்சிச் சபை கருதியது. ஹில் எழுமாற்றெண்களைக் கொண்டு நோயாளரை இரு குழுக்களுக்கு ஒதுக்கி, முடிவுகளை முத்திரையிட்ட உறைகளுள் வைத்தார். நோயாளி சோதனைக்கு ஏற்கப்பட்ட பின்னரே அவருக்குரிய உறை திறக்கப்படும். ஆகவே எந்த வைத்தியரும், தமக்குப் பிடித்த நோயாளியையோ, பிழைப்பார் என்று தோன்றும் நோயாளியையோ மருந்துக் குழுவிற் சேர்த்துவிட இயலாது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கும் எப்படம் எக்குழுவினருடையது என்பது தெரியாது.

1948ஆம் ஆண்டு பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் நால்வர் இறந்தனர்; படுக்கை ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேரிற் பதினால்வர் இறந்தனர். ஒப்பிடுதல், அறியாமற் செய்தல், எழுமாற்றாக ஒதுக்குதல் என்னும் மூன்றும் ஒருங்கு சேர்ந்த இம்முறை, அன்று தொட்டு மருந்துகளுக்குரிய உரைகல்லாயிற்று. அரசாங்கங்களும் பின்னர் இதனையே சட்டமாக்கின.

அப்பிள் நிறுவனம் 2007இல் ஐபோனை வெளியிட்டு, 2008 யூலையில் ஏறத்தாழ ஐந்நூறு செயலிகளுடன் ஒரு செயலிக் கடையைத் திறந்தபோது, அந்த உரைகல்லை எடுத்துக்கொண்டு எவரும் அங்கே செல்லவில்லை. மருந்தை விற்க அனுமதி வேண்டும். செயலியை விற்கப் பெரும்பாலும் வேண்டியதில்லை. சில ஆண்டுகளுள் உடல்நலச் செயலிகள் பல்லாயிரமாகப் பெருகின. திரையிலிருந்து எழும் நிற ஒளியை முகத்திற் காட்டினால் முகப்பரு நீங்கும் என்று கூறிய இரண்டு செயலிகள்மீது, அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2011ஆம் ஆண்டில் நடவடிக்கை எடுத்தது. அவற்றுள் ஒன்று ஏறக்குறைய 11,600 தடவையும், மற்றையது 3,300 தடவையும் இறக்கிக்கொள்ளப்பட்டிருந்தன. கைபேசியின் வெளிச்சத்திற் பரு உதிரும் என்று நம்பியவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. காந்தமேறிய மரத்தை நம்பிய பாரிசு நகரத்தார் அவர்களிலும் கற்றவர்கள்.

ஆராய்ச்சியாளர் முதலிற் செய்தது கடைக்குட் புகுந்து சரக்கை எண்ணியதேயாகும். நீரிழிவுக்கு எத்தனை செயலி, புகைத்தலை நிறுத்த எத்தனை, அவற்றுள் வைத்திய நெறிமுறைகளுக்கு இசைந்தவை எத்தனை என்று அட்டவணைகள் எழுந்தன. கடையிலே பயன்படுத்துவோர் வழங்கும் நட்சத்திரக் குறிகளை நம்பமுடியாது என்பது விரைவிற் புலனாகவே, அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2015இல் 23 வினாக்களைக் கொண்ட மதிப்பீட்டு அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். செயலி மனத்தைக் கவர்கிறதா, ஒழுங்காக இயங்குகிறதா, அழகாக அமைந்துள்ளதா, அது தரும் தகவல் நம்பத்தக்கதா என்று பயிற்சிபெற்றவர் புள்ளியிட்டனர். 'மார்ஸ்' எனப்படும் இவ்வளவுகோல் பல நாடுகளிலும் பரவி, பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அது பயனுள்ளதே. எனினும், ஒரு பாடநூலின் அச்சும் கட்டும் படமும் நன்று எனச் சான்றளிப்பது ஒன்று. அதைப் படித்த மாணவன் சித்தியெய்தினானா என்று பார்ப்பது வேறொன்று. இந்த அளவுகோல் முதலாவதைச் சார்ந்தது.

முதல் வினாவாகிய 'மெய்யா' என்பதனை நேராகக் கேட்டவர்கள் வேறு வழியிற் சென்றனர். பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர், மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றைப் படத்தைக் கொண்டே கண்டறிவதாகக் கூறிய நான்கு செயலிகளை எடுத்துக்கொண்டனர். இழையம் வெட்டிப் பரிசோதித்து முடிவு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த 188 தோற்புள்ளிகளின் படங்களை அச்செயலிகளுக்குக் காட்டினர். அவற்றுள் 60 மெய்யான மெலனோமா. 2013இல் வெளிவந்த முடிவின்படி, நான்கில் மூன்று செயலிகள், நூற்றுக்கு முப்பதோ அதற்கு மேலோ ஆன மெலனோமாக்களை அஞ்சத்தக்கதல்ல என்று கூறிவிட்டன. மிகச் சிறந்து விளங்கிய நான்காவது செயலியின் இரகசியம் யாதெனில், அது படத்தைத் தோல்வைத்தியர் ஒருவருக்கு அனுப்பி அவர் கருத்தைக் கேட்டுச் சொல்லிற்று! இயந்திரத்தின் வெற்றி என்று எண்ணப்பட்டது வைத்தியருடைய கண்ணின் வெற்றியாக முடிந்தது.

இனி, விரலை வைத்தாற் குருதியமுக்கம் காட்டிய செயலிக்கு வருவோம். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 85 பேரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் முறையான கருவியாலும் இச்செயலியாலும் மாறி மாறி அளந்தனர். பெருஞ் செலவு எதுவுமில்லை. ஒரு சிறு அறையிற் செய்யக்கூடிய சோதனை. உயர்ந்த குருதியமுக்கத்துடன் அங்கு வந்தவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினருக்கு, உமக்கு உயர்வில்லை என்றே செயலி கூறிற்று. அது தவறிய விதமும் கவனித்தற்குரியது. உயர்ந்த அளவைத் தாழ்த்தியும், தாழ்ந்த அளவை உயர்த்தியும், எல்லோரையும் நடுவழிக்கு இழுத்து வந்தது. இத்தகைய கருவியின் சராசரியை மாத்திரம் பார்ப்பவருக்குப் பெரும் பிழை எதுவும் தோன்றாது. இருபக்கப் பிழைகளும் தம்முட் கழிந்துவிடும். மேலும், ஆரோக்கியமான ஒருவர் தம்மையே சோதித்துப் பார்த்தால் அது சரியாகவே காட்டுவதுபோலத் தோன்றும். எவருக்கு எச்சரிக்கை வேண்டுமோ அவரையே அது ஏமாற்றிற்று. குருதியமுக்கமோ வலி தராத நோய். எண் ஒன்றைத் தவிர அதற்கு வேறு முன்னறிவிப்பு பெரும்பாலும் இல்லை. அந்த எண்ணே பொய்யாயின், மாத்திரையை நிறுத்திவிடுபவரும், வைத்தியசாலைக்குச் செல்வதை ஒத்திவைப்பவரும் பக்கவாதத்தின் வாசலில் நிற்பவர்களாவர்.

செயலி 2015 யூலை இறுதியிற் கடையிலிருந்து நீங்கிற்று. மேற்கூறிய ஆய்வு அச்சேறியது 2016 மார்ச் மாதத்தில். வர்த்தக ஆணைக்குழு வழக்கை முடித்து, 5,95,945 டொலருக்குத் தீர்ப்புப் பெற்று, அத்தொகையைச் செலுத்த வசதியில்லாமை கருதி நிறுத்திவைத்தது அவ்வாண்டு டிசெம்பரில். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அளந்து முடிந்த பின்னரே உண்மை வந்து சேர்ந்தது. எளிய ஒரு சோதனை விற்பனைக்கு முன் நடக்காமல் பின் நடந்தது என்பதே இதிலுள்ள குற்றம், முறை தெரியாமையன்று.

இரண்டாவது வினாவாகிய 'நன்மை யாது' என்பதற்கு விடை காண்பது இதனினும் கடினம். இதற்குத் துணிந்து முதலில் விடை கண்டவர்கள் செயலிகளைச் செய்தவர்களல்லர், சாதாரணக் குறுஞ்செய்திகளைக் கையாண்டவர்கள். இலண்டன் ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட சோதனையில், புகைப்பதை நிறுத்த விரும்பிய 5,800 பேர் எழுமாற்றாக இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூறினருக்கு ஊக்கமளிக்கும் குறுஞ்செய்திகள் சென்றன. மறு கூறினருக்கும் செய்திகள் சென்றன. ஆனால் அவை புகைத்தலைப் பற்றியவையல்ல. ஆறு மாதத்தின்பின், நிறுத்திவிட்டேன் என்ற சொல்லை மாத்திரம் நம்பாமல், உமிழ்நீரைத் தபால்மூலம் பெற்று ஆராய்ந்தனர். உறுதிசெய்யப்பட்டவாறு நிறுத்தியோர் ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 10.7, மறுபக்கத்தில் 4.9. எண்கள் சிறியவையே. எனினும் இச்சோதனையில் லிண்டும், பிராங்ளினும், ஹில்லும் ஒருங்கே அமர்ந்திருப்பதைக் காணலாம்.

கென்யாவில் 2010இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், எயிட்ஸ் நோய்க்கு மருந்துண்போருக்கு வாரந்தோறும் 'எப்படி இருக்கிறீர்' என்று சுவாகிலி மொழியில் ஒரு சொல்லாற் கேட்டனர். மறுமொழி அனுப்பாதவரைத் தாதியர் தொலைபேசியில் அழைத்தனர். மருந்தை ஒழுங்காக உண்டோர் தொகை அவ்வொரு சொல்லாலே கூடிற்று.

இத்துறையிலே தமிழகத்தின் பங்கும் உண்டு. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் அ. இராமச்சந்திரன் குழுவினர், தென்னிந்தியாவிலே தொழில்புரியும் ஆண்களுள், குருதியில் வெல்லம் ஓரளவு கூடி நீரிழிவின் எல்லையில் நின்ற 537 பேரைச் சேர்த்தனர். அனைவருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை ஒருமுறை நேரில் வழங்கப்பட்டது. எழுமாற்றாகத் தெரிந்த 271 பேருக்கு அதன்பின்னரும் கைபேசிக் குறுஞ்செய்திகள் தொடர்ந்து சென்றன. இரண்டு ஆண்டுகளில், செய்தி பெற்றோருள் 50 பேருக்கு நீரிழிவு தோன்றியது. பெறாத 266 பேருள் 73 பேருக்குத் தோன்றியது. 2013இல் இலண்டன் சஞ்சிகை ஒன்றிலே இது வெளிவந்தது. இங்கே யார் செய்தி பெறுகிறார் என்பதை அவரிடமிருந்து மறைக்க இயலாது. ஆயினும் முடிவு குருதிப் பரிசோதனையாற் கண்டதாகலின், எதிர்பார்ப்பு அதனை எளிதில் அசைத்துவிடாது. மலிவான கருவி, தெளிவான கேள்வி, நீண்ட பொறுமை; பின்வந்த பகட்டான செயலிகள் பலவற்றிடம் முதலாவது மட்டுமே இருந்தது.

அச்செயலிகள் சோதனைக்கு வந்தபோது நிகழ்ந்தது ஏமாற்றமே. கலிபோர்னியாவில் உடற்பருமன் மிக்க 212 நோயாளருள் ஒரு பாதியினருக்கு, உண்பதைக் குறித்துக் கலோரி கணக்கிடும் புகழ்பெற்ற செயலியொன்று அறிமுகப்படுத்தப்பட்டது. ஆறு மாதத்தில் இரு பகுதியினரின் நிறையிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை என்று 2014இல் அறிவித்தனர். காரணம் செயலியின் குறிப்பேட்டிலேயே இருந்தது: முதல் மாதத்தின்பின் பெரும்பாலோர் அதனைத் திறந்து பார்க்கவேயில்லை. 2015இல் டியூக் பல்கலைக்கழகத்தார், 18 முதல் 35 வயது வரையான 365 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து, கைபேசிச் செயலி பெற்றவர்கள் பெறாதவர்களிலும் மெலியவில்லை என்று கண்டனர். 2016இல் பிட்ஸ்பேர்க்கில் முடிந்த சோதனையோ இன்னும் வியப்பானது. வழக்கமான பயிற்சியோடு, நடமாட்டத்தை அளக்கும் கருவியையும் உடலில் அணிந்தவர்கள் இரண்டு ஆண்டில் இழந்த நிறை 3.5 கிலோகிராம், அணியாமல், தம் முயற்சியைத் தாமே குறித்துவந்தவர்கள் இழந்தது 5.9 கிலோகிராம்.

இவ்விடத்திலே ஒரு நுட்பம் விளக்கப்படவேண்டும். செயலியை ஆறு மாதமும் விடாது பயன்படுத்தியவர்களை மாத்திரம் எடுத்துப் பார்த்தால், அவர்கள் மெலிந்தே இருப்பார்கள். விற்போர் காட்ட விரும்புவதும் அவர்களையே. ஆனால் விடாமுயற்சி உடையவர் செயலி இன்றியும் மெலிந்திருப்பார் அல்லவா? பாதியிற் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளைக் கணக்கிற் சேர்க்காது, பரீட்சைக்குத் தோற்றியவருள் நூற்றுக்கு நூறும் சித்தி என்று பறைசாற்றும் பாடசாலையைப் போன்றது அக்கணக்கு. ஆதலினால், சீட்டு எவரை எக்குழுவில் விட்டதோ, அவரை இறுதிவரை அக்குழுவிலேயே வைத்து எண்ணவேண்டும் என்பது விதி. செயலியை ஒருநாளும் திறவாதவரும் செயலிக் குழுவினரே. இணைய வழிச் சோதனைகளில் மக்கள் உதிர்ந்துபோவது தற்செயலன்று, அத்துறையின் இயல்பான விதி என்று குந்தர் ஐசன்பாக் என்பவர் 2005ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். 2020இல் எட்டுக் கைபேசி ஆய்வுகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரின் வரவைத் தொகுத்துப் பார்த்தபோது, பங்குபற்றியோருட் பாதிப்பேர் ஐந்தரை நாளுக்குள் நீங்கிவிட்டமை வெளியாயிற்று. வைத்தியர் ஒருவர் சொல்லிச் சேர்த்துவிட்டவர்களோ நெடுநாள் தங்கினர்.

முன்னே கூறிய பாரிசுச் சிறுவன் உளநோய்ச் செயலிகளின் சோதனையில் மீண்டும் தலைகாட்டினான். மனச்சோர்வைத் தணிப்பதாகக் கூறும் செயலிகளைச் சோதித்த 18 எழுமாற்று ஆய்வுகளை ஜோசப் பேர்த் என்பவரும் துணைவரும் 2017இல் தொகுத்தனர். ஒன்றும் பெறாது காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டபோது செயலிகளின் பயன் கணிசமானதாகத் தோன்றிற்று. வேறொரு செயலியோ பணியோ பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது அப்பயன் பாதிக்கும் கீழே சுருங்கிற்று. தனக்கு ஏதோ செய்யப்படுகிறது என்னும் நினைவே ஆறுதல் தரும். ஆகவே கைபேசிக்கும் ஒரு போலிமருந்து வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் உணர்ந்தனர். மாவுருண்டையை மாத்திரைபோலச் செய்துவிடலாம்; ஒன்றும் செய்யாத, ஆனால் ஏதோ செய்வதுபோலத் தோன்றும் செயலியை ஆக்குவது எளிதன்று. இக்கலை இன்னும் முதிரவில்லை.

மற்றொரு இடர் காலத்தினால் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை முடியும்வரை ஸ்ட்ரெப்டோமைசினாகவே இருந்தது. செயலியோ சில வாரத்துக்கு ஒருமுறை உருமாறும். சோதனை தொடங்கிய பொழுது இருந்தது முடிவு அச்சேறும்பொழுது கடையில் இராது. நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்தின் டேவிட் மோர் முதலியோர், இக்காரணத்தினாலே, குறித்த ஒரு செயலியைச் சோதியாது அதன் அடிப்படைக் கொள்கையைச் சோதிக்கவேண்டும், சோதனை நடக்கும்போதே அக்கொள்கைக்கு மாறில்லாத திருத்தங்களை அனுமதிக்கவேண்டும் என்று 2015இல் வாதித்தனர்.

அதே ஆண்டில் பிரெட்ராக் கிளாஸ்ஞா, சூசன் மேர்பி முதலியோர் வேறொரு வழியை முன்வைத்தனர். ஆளைச் சீட்டிட்டு ஒதுக்காமல், கணத்தைச் சீட்டிட்டு ஒதுக்குவது அவ்வழி. ஒருவருக்கு நாளில் ஐந்து வேளை, 'எழுந்து சிறிது நடவுங்கள்' என்று கைபேசி கூறலாமா வேண்டாமா என்பது ஒவ்வொரு வேளையும் எழுமாற்றாகத் தீர்மானிக்கப்படும். அடுத்த அரைமணி நேரத்தில் அவர் எத்தனை அடி வைத்தார் என்பதைக் கைபேசியே எண்ணும். இவ்வாறு நாற்பத்துநான்கு பேரை ஆறு வாரம் பார்த்தால் பல்லாயிரம் சிறு சோதனைகள் கிடைத்துவிடுகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த அச்சோதனையில், நடக்கச் சொன்னபோது மக்கள் தொடக்கத்திற் கணிசமாகவே நடந்தனர். நாட்கள் செல்லச் செல்ல அச்சொல்லின் வலு தேய்ந்தது. மாலையில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே விடை சொல்லும் பழைய முறை இத்தேய்வைக் காட்டியிராது. பிராட்போர்ட் ஹில்லின் உறையை மணிக்கொருமுறை திறப்பதுபோன்ற இவ்வுபாயத்தை, கைபேசி உலகம் ஆராய்ச்சி முறைக்கு அளித்த மெய்யான கொடை எனலாம். அது சொல்வது அடுத்த அரைமணியைப் பற்றியே. அடுத்த பத்தாண்டைப் பற்றியன்று.

தொகையின் பெருமையில் மயங்குவது இன்னொரு வகை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமும் அப்பிள் நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2019இல் வெளியிட்ட இதய ஆய்வில் 4,19,297 பேர் பங்குபற்றினர். கைக்கடிகாரம் நாடித்துடிப்பின் ஒழுங்கீனத்தை உணர்ந்து எச்சரித்தது அவர்களுள் 2,161 பேரை. எச்சரிக்கப்பட்டவர்களுக்கு மார்பில் ஒட்டி அணியும் பதிகருவி தபாலில் அனுப்பப்பட்டது. ஆராயத்தக்கவாறு திரும்பி வந்தவை 450. அவற்றில் ஏறக்குறைய மூன்றிலொன்றில் அந்நோய் காணப்பட்டது. பயனுள்ள செய்திதான். ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாமையால், கடிகாரம் கட்டியவர்களிற் பக்கவாதம் குறைந்ததா என்னும் வினாவுக்கு நான்கு இலட்சம் பேரும் விடை தரவில்லை. லிண்டின் பன்னிருவர் அத்தகைய வினாவுக்கு விடை தந்தனர்.

அரசாங்கங்கள் இதற்கிடையிற் சும்மா இருந்தன என்று கூறமுடியாது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2013இல் நம்பத்தக்க செயலிகளின் நூலகம் ஒன்றை அமைத்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் அதிலிருந்த 79 செயலிகளை ஆராய்ந்தபோது, ஆளை அடையாளங்காட்டும் தகவலை இணையத்தில் அனுப்பிய 35 செயலிகளுள் 23 அதனை மறைகுறியாக்காமலே அனுப்பியமை 2015இல் வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே நூலகம் மூடப்பட்டது. பின்னர் அந்நாட்டின் வைத்தியத் தர நிறுவனம், தகவல் மாத்திரம் தரும் செயலிக்கு இலேசான சான்றும், நோயைக் கணிக்கும் அல்லது தீர்க்கும் செயலிக்குக் கடுமையான சான்றும் வேண்டும் என்று படிமுறைகளை வகுத்தது. தீங்கு விளைக்கும் ஆற்றலுக்கேற்பச் சான்றின் கனத்தை நிறுக்கும் இவ்வேற்பாடு அறிவுடைமையானது.

ஜேர்மனி இன்னும் ஒருபடி சென்றது. 2019 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அங்கே வைத்தியர் மருந்தைப்போலவே செயலியையும் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். செலவை நோய்க்காப்புறுதி நிதியங்கள் ஏற்கும். 2020 ஒக்டோபரில் முதற் செயலிகள் அரசாங்கப் பட்டியலில் ஏறின. பயனை ஒப்பீட்டாய்வாற் காட்டியவை நிரந்தரமாக ஏறலாம். இன்னும் காட்டாதவை, ஓராண்டுக்குட் காட்டுவோம் என்னும் உறுதியின்மேல் தற்காலிகமாக ஏறலாம். அவ்வோராண்டிலும் நிதியங்கள் பணம் கொடுக்கவேண்டும். அத்தவணை நீடிக்கப்படவும் கூடும். தற்காலிகமாக ஏறியவற்றுட் சில தம் பயனை நிறுவி நிலைபெற்றன. வேறு சில, நோயாளர் அவற்றைப் பயன்படுத்தி முடித்த பின்னர், சான்று போதாமையாற் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.